அழவிடாத பிள்ளை

ஆசாரி இன்னும் வரவில்லை. வராமலே இருந்துவிட்டால் என்ன என்று செண்பகவல்லி நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆசாரிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது தாயே, அவரும் பிள்ளைகுட்டிக்காரர், வண்டி மட்டும் எங்கேயாவது பஞ்சராகி நிற்கட்டும். ஆனால் இந்த வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து வருவாரே மனுசன், மயக்கம் போட்டு விழுந்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு, பஞ்சரும் வேண்டாம், மறந்து போகட்டும், வேறு ஊரில் வேறு ஒரு பிள்ளைக்குக் காது குத்தப் போயிருக்கட்டும். வேறு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை அழும், வீறிட்டு அழும், ஊரெல்லாம் கேட்கிற மாதிரி அழுதுவிட்டு அம்மா தோளில் சாய்ந்து தூங்கிப் போகும். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் அழுகின்றன. தாயே சீலைக்காரி, எம்பிள்ளையையும் அப்படி அழ வை. அழாமல் இருக்க வை என்று கேட்கவில்லை, அழும்போது மூச்சை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. இப்படிக் கேட்பது சரிதானா, கேட்கிற வார்த்தையில் ஏதாவது பிசகு இருந்தால் அம்மன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிடுவாளா என்று மறுபடியும் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பித்தாள்.

மடியில் நித்திலா உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வயது. அப்போதுதான் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தது. வேப்ப மரத்து நிழல் அந்தச் சந்தனத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. மொட்டை போடும்போது அழவில்லை. கையில் போனைக் கொடுத்து, மாட்டுவண்டியில் பூனைக்குட்டி போகிற படத்தைப் போட்டுவிட்டிருந்தாள். கத்தி தலையில் ஓடியது, முடி மடியில் விழுந்தது, பிள்ளை பூனையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. முடி எடுத்தவர், "எத்தனையோ பிள்ளைக்கு எடுத்திருக்கேன், இப்பிடி ஒரு பொறுமைசாலியைப் பார்த்ததில்ல" என்றார். பந்தலில் இருந்த சொந்தக்காரப் பெண்களும் அதையே சொன்னார்கள். அழுகவே அழுகாதாமே, என்ன சமத்து, நம்ம வீட்டுல ஒண்ணு கிடக்கு பாரு, தொட்டதுக்கெல்லாம் ஊளை. செண்பகவல்லி சிரித்தாள். சிரிப்பு முகத்தின் மேல்தோலோடு நின்றுவிட்டது. சமத்தா, இது சமத்தா, இந்தப் பிள்ளை அழாமல் இருக்க நான் படுகிற பாடு உங்களுக்கு என்ன தெரியும், போனில் சார்ஜ் இன்னும் கொஞ்சம்தான் சிவப்பாக நிற்கிறது, ஆசாரி வருவதற்குள் அணைந்துவிடும், இங்கே கரண்டு எங்கே இருக்கிறது. பந்தலுக்குப் பின்னால் கறி வேகிற வாசம் வந்தது. அவள் வீட்டுக்காரன் ஜெயபாண்டி அங்கேதான் அடுப்புப் பக்கம் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். உப்பு கூட, உப்பு குறைய என்று ஏதோ. யாரும் எதிர்த்துப் பேசுகிற சத்தம் கேட்கவில்லை. அவன் பேச்சுக்கு யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"ஏ மாமங்காரா, பட்டுச் சட்டையப் போட்டுட்டு வந்துட்டியே, பிள்ளை மடியில மூத்திரம் பேஞ்சா என்ன செய்வ?" என்று யாரோ அவள் அண்ணன் கற்பகராஜைக் கேட்டார்கள். "அதையும் சீர்ல சேர்த்துக்கிட வேண்டியதுதான்" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். ஜமக்காளத்தில் சம்மணம் கூட்டி, மடியைச் சரி பண்ணி, அப்போதே தயாராக உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் மடி. அந்த மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், அவன்தான் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அண்ணே, ஒரு நிமிசம் இங்க வா என்று கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது. பிள்ளை அழுதால் செத்துப் போய்விடும் என்றா. செத்துப் போகாது என்று டாக்டரம்மா சொன்னார்கள். செத்துப் போகாது, ஆனால் செத்துப் போனது மாதிரி இருக்கும் என்றா. நாவல்பழம். அந்த நிறத்தை அவள் அப்படித்தான் மனதில் வைத்திருந்தாள், நாவல்பழம் தின்ற உதடு.

முதல் தடவை வந்தது ஒரு சாதாரணக் காலையில்தான். துணி துவைக்கிற சோப்பை நித்திலா எடுத்து வாயில் வைக்கப் போனாள். செண்பகவல்லி பிடுங்கினாள். அவ்வளவுதான், பிடுங்கினாள், அடிக்கக்கூட இல்லை. பிள்ளை வாயைத் திறந்தது. ஒரு வீறல். அடுத்த வீறலுக்கு வாய் திறந்தது திறந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை. சத்தம் வரும் என்று இவள் நின்றுகொண்டிருந்தாள், சோப்பு கையில் வழுக்கிக்கொண்டிருந்தது, வரும், இதோ வரும், வரவில்லை. உதடு கறுத்தது. முகம் சாம்பலாகி அதன் மேல் நீலம் ஏறியது. கண் மேலே செருகிக்கொண்டது. முதுகு வில்லாக வளைந்து, பிறகு அறுத்துப் போட்ட கொடி மாதிரி துவண்டு அவள் கையில் விழுந்தது. செண்பகவல்லி அம்மா என்றாளா, தாயே என்றாளா, தெரியாது. பிள்ளையைத் தூக்கிக் குலுக்கினாள், முதுகில் அறைந்தாள், தண்ணீர்க் குழாயடியில் தலையைக் காட்டினாள். வீட்டில் யாரும் இல்லை. தெருவில் ஒருவன் பழைய இரும்புக்கு வெங்காயம் என்று கூவிக்கொண்டு போனான். அந்தக் கூவல் இன்றைக்கும் எங்கே கேட்டாலும் அவள் ஓடிப் போய்ப் பிள்ளையின் உதட்டைப் பார்ப்பாள். பிறகு ஒரு விக்கல் மாதிரி வந்தது. மூச்சு. பிள்ளை கண்ணைத் திறந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அவளைப் பார்த்து, ஈரத் தலையோடு நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டது. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செண்பகவல்லி சோப்பு எங்கே போனது என்று தேடினாள். அதை ஏன் தேடினோம் என்று இன்னும் விளங்கவில்லை. ஒருவேளை அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தேடினாளோ என்னவோ.

அதற்கப்புறம் அவள் எதையும் பிடுங்கியதில்லை. உப்பு டப்பாவைக் கேட்டால் உப்பு டப்பா, சீப்பைக் கேட்டால் சீப்பு, போன், மறுபடியும் போன், சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்கட், சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிஸ்கட். வெயிலில் விளையாடப் போனால் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு போனாள், உள்ளே தூக்கிக்கொண்டு வந்தால் அழுமே. சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றால் பார்த்துக்கொண்டே நின்றாள், வாயிலிருந்து விரலை எடுக்கப் பயம். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டில், பிள்ளை நல்லா அழட்டும், அழுதாத்தான் நெஞ்சு விரியும் என்றார்கள். அங்கன்வாடி டீச்சர், இவ்வளவு செல்லம் ஆகாது, கொஞ்சம் கண்டிச்சு வைங்க என்றார்கள். போனில் ஒரு அக்கா தினமும் வந்து, குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். குனிந்துதான் இருக்கிறேன், எந்நேரமும் குனிந்துதான் இருக்கிறேன் என்று செண்பகவல்லி அந்தப் போனைப் பார்த்து நினைத்துக்கொள்வாள். ஆனாலும் மறுபடியும் வந்தது. கதவு விரலை நசுக்கியபோது ஒரு தடவை, பூனை ஓடிப் போய்விட்டது என்று ஒரு தடவை. பூனையை எப்படிப் பிடித்து வைப்பது.

தடுப்பூசிக்குப் போன அன்றைக்கு, நர்சம்மா ஊசி போட்டதும் பிள்ளை நீலம் பாரித்துப் போனது. அங்கேயே டாக்டரம்மா இருந்தார்கள். வயசில் சின்னவர்கள், காதில் ஒரு பொட்டுத் தோடு. அவர்கள் ஓடவில்லை. அதுதான் செண்பகவல்லிக்கு மறக்கவே முடியாதது, ஓடவில்லை. பிள்ளையை வாங்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், பக்கத்தில் நின்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூச்சு வந்தது. "இது வலிப்பு இல்லம்மா. அழுகையில மூச்சு நின்னுபோறது. சில பிள்ளைகளுக்கு வரும். நாலு வயசு, அஞ்சு வயசுக்குள்ள தானாப் போயிரும். வர்றப்ப ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. தூக்கிக் குலுக்காதீங்க, தண்ணி தெளிக்காதீங்க. முக்கியமா வாயில எதையும் வைக்காதீங்க, விரலோ, தண்ணியோ, தின்பண்டமோ, எதுவும். மூச்சு இழுக்கும்போது அது உள்ள போயிரும், அதுதான் ஆபத்து." பிறகு பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "சுவரு, மண்ணு ஏதாச்சும் திங்குதா?" என்று கேட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் குறைவு. கறுப்பாக ஒரு இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்து, பாலோடு கொடுக்காதீர்கள், எலுமிச்சம்பழச் சாறோடு கொடுங்கள், வெளிக்குக் கறுப்பாய்ப் போனால் பயப்படாதீர்கள் என்றார்கள். எழுந்து வரும்போது கையைப் பிடித்து, "பிள்ளை வேணும்னு செய்யல, அதுக்கே தெரியாது. ஆனா நீங்க பயந்துக்கிட்டுக் கேட்டதெல்லாம் குடுத்தீங்கன்னா, நாளைக்கு இல்லைங்கிற வார்த்தையே தாங்காத ஆளா ஆயிரும். கூடாதுன்னா கூடாதுதான். அழுதா அழட்டும்" என்றார்கள். அழுதா அழட்டும். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிற பஸ் முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்குகிற இடத்தில் பிள்ளை கண்டக்டரின் விசிலைக் கேட்டுக் கையை நீட்டியது. அவள் அந்த விசிலைக் கொஞ்ச நேரம் கடன் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மருந்தைச் சத்து டானிக் என்று சொல்லி வைத்தாள், அது பொய்யும் இல்லை. சொன்னால் அடுத்த வார்த்தை வலிப்பு என்றுதான் வரும். இல்லை, வலிப்பு இல்லை என்று டாக்டரம்மா மாதிரி சொல்ல அவளுக்கு வாய் எங்கே. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வரும். விழுந்தால் எல்லாரும் சாவிக்கொத்தைத் தேடி ஓடி அந்தப் பிள்ளையின் கையில் திணிப்பார்கள். கடைசி வரை அதற்குப் பேரே போய்விட்டது, வலிப்புக்காரி என்றுதான். பொட்டப் பிள்ளை. ஒன்றரை வயதிலேயே அந்தப் பேரை இதற்குச் சூட்டிவிடவா. அது மட்டுமா, எந்த வழியில் வந்தது என்று கேட்பார்களே, உங்க வீட்டுல யாருக்கு இருக்கு என்று கேட்பார்களே. ஜெயபாண்டியிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கென்று ஒரு தடவை வாயைத் திறந்தாள். ஆனால் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டது சரியில்லை என்று அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக் கிடந்தான். இப்படிப் படுத்தால் வீடே மூச்சு விடாது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே நாத்தனார் ஆவுடை மதினி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்தம்பி நல்லவன், தங்கம். ஆனா இல்லைன்னு மட்டும் சொல்லிராத. தாங்க மாட்டான்" என்று சொல்லியிருந்தார்கள். அப்போது அது ஒரு பெருமை மாதிரிக்கூட இருந்தது. நல்ல செய்தியாக ஒன்று வரட்டும், அதோடு சேர்த்து இதையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். காத்திருந்தபோதுதான் காதுகுத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்து நின்றான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்றாள். ஏன் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

ஆவுடை மதினி இப்போது எதிரே உட்கார்ந்து காப்பரிசி பிசைந்துகொண்டிருந்தார்கள். ஊற வைத்த அரிசி, வெல்லம், தேங்காய்ச் சில்லு, பொட்டுக்கடலை. பெரிய தாம்பாளம் நிறைய. கை மணக்க மணக்கப் பிசைந்துகொண்டே, "காதுல குத்துன உடனே ஒரு கை அள்ளி வாயில போட்டுரணும். அழுகை அப்பிடியே அடங்கிரும். எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாத்துக்கும் நாந்தான் போட்டேன்" என்றார்கள். செண்பகவல்லி அந்தக் கையைப் பார்த்தாள். வாயில். ஒரு கை அரிசி. திறந்த வாயில், மூச்சு இழுக்கிற நேரத்தில். மற்றதெல்லாம் ஆபத்து இல்லை என்று சொன்ன டாக்டரம்மா இந்த ஒன்றைத்தான் ஆபத்து என்று சொன்னார்கள். இத்தனை நாள் நீலத்துக்குத்தான் பயந்தாள், அரிசிக்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லையே. "வேண்டாம் மதினி, அரிசி தொண்டையில சிக்கிரும்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என்னத்தா?" "சின்னப் பிள்ளைல்ல, பல்லுகூடச் சரியா இல்ல." ஆவுடை மதினி சிரித்தார்கள். "அந்தக் காலத்துல ஆறு மாசத்துலயே குத்துவாக. பல்லு என்ன, ஈறே போதும். வெல்லம் கரைஞ்சிரும்." பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு கிண்ணத்தில் வெல்லத் தண்ணீர் மட்டும் வைத்துக்கொள்ளலாமா, அதுவும் கூடாது, தண்ணியும் கூடாது என்றார்களே. தாம்பாளத்தைத் தட்டிவிட்டுவிட்டால். கால் பட்டது மாதிரி. பிள்ளை தவழ்ந்து கவிழ்த்தது மாதிரி. அம்மனுக்குப் படைத்தது, மண்ணில் கொட்டினால் குற்றமாகாதா. குற்றம் எனக்கு ஆகட்டும். ஆனால் கால் எழும்பவில்லை. அண்ணே என்று கூப்பிட்டாள். கற்பகராஜ் திரும்பினான். "என்ன தாயி?" அவனுடைய முகம் அப்படி ஒரு சந்தோசத்தில் இருந்தது, மருமகளுக்கு வாங்கி வந்த தோட்டுப் பெட்டியை நூறு தடவை திறந்து பார்த்திருப்பான். "ஒண்ணுமில்ல. பிள்ளையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள். சொல்ல வந்தது இது இல்லை. சொல்ல வந்தது தொண்டையில் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. போன் அணைந்தது. பூனை போய்விட்டது. நித்திலா கறுத்த கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் ஆசாரியின் வண்டி வந்தது. பஞ்சர் ஆகவில்லை, மயக்கம் வரவில்லை, மறக்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார். "மன்னிச்சிக்கிடுங்க, வழியில ஒரு வீட்டுல காப்பி குடிக்காம விடல." காப்பி குடித்தாராம். இவள் அத்தனை வேண்டுதல் வேண்டியதற்கு ஒரு காப்பி நேரம்தான் கிடைத்தது. கற்பகராஜ் கையை நீட்டினான். பிள்ளை மடியை விட்டுப் போனது. வெறும் மடி குளிர்ந்தது, வெயிலிலும் குளிர்ந்தது. ஜெயபாண்டி அடுப்பை விட்டு வந்து நின்றான், நெற்றியில் புகைக் கரி. ஆசாரி காது மடலில் சந்தனத்தால் ஒரு புள்ளி வைத்தார், தள்ளி நின்று பார்த்தார், அழித்துவிட்டு மறுபடியும் வைத்தார். நன்றாகப் பாருங்கள் ஆசாரி, இன்னும் பாருங்கள், நாள் முழுக்கப் பாருங்கள். நித்திலா சந்தனம் கூச்சமாக இருந்ததால் சிரித்தாள். நாலு பல் தெரிய, மருந்துக் கறை படிந்த நாலு பல் தெரியச் சிரித்தாள். செண்பகவல்லி ஆவுடை மதினியின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தாம்பாளத்துக்குள் போனது. அள்ளியது. காத்திருந்தது. யாரோ குலவை போட்டார்கள்.

வீறல் ஒன்று வந்தது. அது முடிந்த இடத்தில் உலகம் நின்றது. குலவை இன்னும் கேட்கிறது, ஆனால் பிள்ளையின் சத்தம் இல்லை, வாய் திறந்திருக்கிறது, உள்நாக்குத் தெரிகிறது, வா, வந்துவிடு, உதட்டின் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறது, எப்போதும் அந்த ஓரத்திலிருந்துதான், அண்ணன் இன்னும் சிரிக்கிறான், அவனுக்குத் தெரியவில்லை, ஆசாரி தோட்டுக் கம்பியை முறுக்குகிறார், அவருக்கும் தெரியவில்லை, இங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் ஒருத்தி மட்டும்தான், கை வருகிறது, வெல்லம் ஒழுகும் கை, அரிசி, திறந்த வாய்.

"வாயில போடாதீங்க!"

அது யாருடைய குரல் என்று எல்லாரும் திரும்பினார்கள். காப்பரிசி பந்தல் முழுக்கச் சிதறியது, ஆசாரியின் மடியில், அண்ணனின் பட்டுச் சட்டையில், சந்நிதி வாசலில். செண்பகவல்லி மதினியின் கையைத்தான் தட்டியிருந்தாள், ஓங்கித் தட்டியிருந்தாள். பிள்ளையைப் பிடுங்கி ஜமக்காளத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஐயோ பிள்ளைக்கு வலிப்பு என்று ஒருத்தி கத்தினாள். சாவி, சாவி என்றது ஒரு குரல். தண்ணீர்ச் செம்போடு ஒருத்தர் குனிந்தார். "யாரும் தொடாதீங்க. தண்ணி வேண்டாம், சாவி வேண்டாம். தள்ளி நில்லுங்க. வரும்." வரும் என்று சொன்ன வாய்க்குள்ளே பல் அடித்துக்கொண்டது. நாவல்பழ உதடு. செருகிய கண். துவண்ட கால் விரலில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது. டாக்டரம்மா ஓடவில்லை, நானும் ஓடவில்லை, டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள், நானும் பார்க்கிறேன், தாயே, எனக்கு வேண்டத் தெரியவில்லை, வார்த்தை எல்லாம் போய்விட்டது, நீயே பார்த்துக்கொள். ஒரு விக்கல். மார்பு எழும்பியது. உதட்டில் நிறம் திரும்பியது. நித்திலா முனகினாள், கண்ணைத் திறந்தாள்.

அந்த அமைதியில் ஆவுடை மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெல்லக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு, "அதே முழி" என்றார்கள். "எங்க ஜெயபாண்டிக்கு வந்த அதே முழி."

"எக்கா" என்றான் ஜெயபாண்டி.

"என்ன எக்கா, நீ இப்பிடித்தான நீலம் பாரிச்சுப் போவ. உனக்கு மூணு வயசு ஆகுற வரைக்கும். வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அய்யா சத்தியம் வாங்கிட்டாரு. நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு உன்னை இடுப்புலயே வச்சிருந்தேன், அழவிடாம. எது கேட்டாலும் எடுத்துக் குடுத்துரு, அழவிட்டா தம்பி போயிருவான்னு சொல்லி வச்சிருந்தாக. இன்ன வரைக்கும் உன் முகம் மாறுனா நான் போட்டது போட்டபடி ஓடியாறேன்டா." மதினி செண்பகவல்லியைப் பார்த்தார்கள். "உங்கிட்டச் சொல்லாம மறைச்சது தப்புதான். உன் வீட்டுல பொண்ணு தர மாட்டாகன்னு பயந்தோம்."

 நானும்தான் மதினி, நானும் இதையேதான் செய்தேன் என்று செண்பகவல்லி நினைத்தாள். பிள்ளையின் மொட்டைத் தலையில் கை வைத்தபடி வீட்டுக்காரனைப் பார்த்தாள். புகைக்கரி வழிய நின்ற அந்த ஆறடி ஆளைச் சுற்றி எத்தனை வருசமாக எத்தனை பேர் உப்பு டப்பாவையும் சீப்பையும் எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சட்டை இஸ்திரி, சாம்பார்ச் சூடு, சுவரைப் பார்த்த முதுகு. அவன் அழுதே அவள் பார்த்ததில்லை. இன்னும் முப்பது வருசம் கழித்து எவனோ ஒருவன் நித்திலாவின் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பான். அவனுக்கும் யாரோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள், எம்பிள்ளை தங்கம், ஆனா இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க என்று. யார் சொல்வார்கள். நான்தான் சொல்வேன். இந்த வாயால் நான்தான் சொல்வேன். இது நீலத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது, ஏனென்றால் இதற்கு ஒரு விக்கலும் வந்து முடித்து வைக்காது.

நித்திலா எழுந்து உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. புதுத் தோட்டைத் தொடப் போன கையைச் செண்பகவல்லி மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். "நாலஞ்சு வயசுல சரியாப் போயிரும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வலிப்பு இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

ஆசாரி இருமினார். "அப்ப... இன்னொரு காது?"

"போதும்" என்றான் ஜெயபாண்டி. குரல் உடைந்திருந்தது. "யாரும் பிள்ளையைத் தொடக் கூடாது. பொருளையெல்லாம் எடுத்து வையுங்க. கிளம்பலாம்." உடனே பந்தலில் ஆட்கள் அசைந்தார்கள். ஒருவர் ஜமக்காளத்தின் முனையைச் சுருட்டவும் ஆரம்பித்துவிட்டார். அவன் சொன்னால் அப்படித்தான்.

"இல்லைங்க" என்றாள் செண்பகவல்லி.

ஜமக்காளத்தைச் சுருட்டிய கை நின்றது.

"இன்னிக்கே குத்தணும். பயந்து எந்திரிச்சுப் போனோம்னா இனிமே இந்த வீட்டுல நமக்கு எதுக்கும் எந்திரிச்சுப் போறதுதான் வேலை." உள்ளங்கை வியர்த்து, பிள்ளையின் விரல் அதில் வழுக்கியது. சொல்லிவிட்டேனா. சொல்லிவிட்டேன். ஜெயபாண்டியின் முகம் மாறியது. அந்த மாற்றத்தைப் பார்த்து ஆவுடை மதினி பாதி எழுந்தார்கள். செண்பகவல்லி அவனிடமிருந்து கண்ணை எடுத்து, பிள்ளையை அண்ணன் மடியில் வைத்தாள். அண்ணன் பிள்ளையின் மேல் கவிழ்ந்து அணைத்துக்கொண்டான். "நிமிர்த்திப் பிடிண்ணே, கழுத்து மடங்காம. மூச்சு நின்னா எங்கிட்டக் குடுத்துரு, குலுக்காத." தானும் எதிரே குனிந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். "வலிக்கும் தங்கம். கொஞ்சம் வலிக்கும். அழு. அம்மா இங்கதான் இருக்கேன். நீங்க குத்துங்க ஆசாரி."

ஆசாரி குத்தினார். வாய் திறந்தது. வீறல் வந்தது, நின்றது. உதட்டின் ஓரத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஊதவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தன் மூச்சும் நின்றுபோயிருப்பது தெரிந்தது, அதை விட்டாள். பந்தலில் ஒருவரும் அசையவில்லை. நித்திலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே எங்கேயோ ஒரு அடைப்பு விலகி, இழுத்த மூச்சோடு அழுகை வெளியே வந்தது. ஊருக்கே கேட்கிற அழுகை. செண்பகவல்லி வாரியெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அது காதுக்குள்ளேயே கத்தியது. கத்தட்டும்.

அந்தக் கத்தலுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, ஜெயபாண்டி தேம்பிக்கொண்டிருந்தான். அழத் தெரியாதவன் அழுகிற மாதிரி, விட்டு விட்டு, சத்தம் எங்கே எடுப்பது என்று தெரியாமல். ஆவுடை மதினி பதறி எழுந்து, "தம்பி, தம்பி" என்று அவனிடம் ஓடப் போனார்கள். செண்பகவல்லி அவர்களுடைய வெல்லக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க மதினி" என்றாள். "அழட்டும்."